ஸ்கீ போட்டின் உள் எஞ்சினுக்கு எந்த ஒயில்: 5டபிள்யூ-30ஆ, 15டபிள்யூ-40ஆ?

நிலாவெளிக்காரன்:
எங்கள் ஹோட்டலுக்கு ஒரு பழைய ஸ்கீ போட் (தண்ணியில் சறுக்குபவரை இழுக்கும் படகு) வாங்கியிருக்கிறோம். நடுவில் ஜீஎம் 5.7 லீற்றர் வீ8 பெற்றோல் எஞ்சின், கடல்தண்ணியாலேயே குளிராகிற வகை. கையேடு கூட வரவில்லை. டவுனில் கார் கராஜ்காரர் 5டபிள்யூ-30 முழு சிந்தெற்றிக் ஊற்றச் சொல்கிறார். மீன்பிடி போட் பார்க்கிறவர் 15டபிள்யூ-40 போதும் என்கிறார். சீசன் முடிகிறது. மழைக்கு முன் மாற்றுவதா, ஏப்ரலில் இறக்கும்போது மாற்றுவதா?

சீனக்குடா டீசல்:
15டபிள்யூ-40. டின்னில் சிஐ-4, எஸ்எல் இரண்டும் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதலாவது டீசலுக்கு, மற்றது பெற்றோலுக்கு. ஸ்கீ இழுக்கும்போது எஞ்சின் 3000, 3500 சுற்றில் முழுப் பாரத்தோடு நிற்கும். கார் மாதிரி இறக்கத்தில் கால் எடுத்து ஓய்வு கொடுக்க கடலில் இறக்கம் கிடையாது. பின்னெண் 40 உள்ள ஒயில் 100 பாகை செல்சியசில் 30ஐ விடத் தடிப்பு. அவ்வளவுதான் கணக்கு.

உவர்மலையான்:
லொறி ஒயிலை ஸ்கீ போட்டுக்கு ஊற்றச் சொல்கிறீர்களே அண்ணை! எஞ்சின் தேய்வதில் பெரிய பங்கு ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில்தான். 5டபிள்யூ மெல்லிசு, உடனே மேலே ஏறிவிடும். சிந்தெற்றிக் சூட்டையும் தாங்கும்.

சீனக்குடா டீசல்:
5டபிள்யூ என்கிற முன்னெண்ணுக்கு ஒயிலை மைனஸ் 30 பாகையில் சோதிக்கிறார்கள், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20இல். திருகோணமலையில் மார்கழி விடியற்காலையில்கூட 20க்குக் கீழே போவது அரிது. அந்த முன்னெண்ணுக்கு இங்கே யார் காசு கொடுப்பது? போட் எஞ்சின் கம்பனி மேர்க்குரூசர் தன் எஞ்சின்களுக்கு விற்கிற ஒயிலே 25டபிள்யூ-40தான். இன்னொன்று, பழைய ஜீஎம் புளொக்கில் வால்வைத் தூக்கும் லிப்டர் தட்டையாக இருந்தால், அது உரசுகிற கேமைக் காக்க சிங்க் கலந்த ஒயில் வேண்டும். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் கெடாமலிருக்க புதுக் கார் 30களில் பொஸ்பரசைக் குறைத்தார்கள், அதோடு சிங்கும் குறைந்தது. உங்கள் போட்டில் கொன்வேட்டரே இருக்காது.

உவர்மலையான்:
உரசாமல் உருளும் ரோலர் லிப்டராக இருந்தால்? எஞ்சின் வருடம் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். சிந்தெற்றிக்கிலும் 15டபிள்யூ-40 வருகிறது, அதையாவது சொல்லியிருக்கலாம்.

சீனக்குடா டீசல்:
சரி, சிந்தெற்றிக் 15டபிள்யூ-40 கிடைத்தால் ஊற்றட்டும், எனக்குப் பிரச்சினை இல்லை. 30 வேண்டாம்.

மூதூர்த்தம்பி:
இரண்டு பேரும் டின்னையே பார்க்கிறீர்கள். இந்த வகைப் போட்டுகள் ஏரிக்கென்று செய்தவை. உப்புத்தண்ணியில் முதலில் போவது புகை வெளியேறும் எக்ஸோஸ்ற் மனிபோல்டும் ரைசரும்தான். உள்ளே அரித்து ஓட்டை விழுந்தால், எஞ்சின் நின்ற பிறகு தண்ணி சிலிண்டருக்குள் இறங்கும். தம்பி, ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். தண்ணி கலந்து ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எந்த பிராண்ட் ஊற்றினாலும் ஒன்றுதான்.

நேரடிக் கடல்தண்ணிக் குளிரூட்டலில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ரற் 60 பாகை அளவில்தான் இருக்கும். அதைவிடச் சூடானால் உப்பு உள்ளே படியும். சின்னச் சின்ன ஓட்டத்தில் ஒயில் நன்றாகச் சூடாகாது. பெற்றோலும் ஈரமும் கரைந்து அதிலேயே கிடந்து அமிலமாகும். ஆகவே மாரிக்கு முன் மாற்றுங்கள். அந்த அமிலத்தோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் பேரிங்கைத் தின்னும்.

உவர்மலையான்:
மழைக்கு முன் ஊற்றிவிட்டு, ஓடாமலே நாலைந்து மாதம் ஈரக்காற்றில் வைத்து, ஏப்ரலில் திரும்ப மாற்றுவதா? ஹோட்டல் காசென்றால் தாராளம்தான்!

மூதூர்த்தம்பி:
திரும்ப மாற்றச் சொல்லவில்லை. அதே ஒயிலில் சீசனைத் தொடங்கலாம். எஞ்சினைச் சூடாக்கி, டிப்ஸ்ரிக் குழாயால் பம்பு வைத்து உறிஞ்சுங்கள். ஒயில் தங்கும் சம்புக்குக் கீழே தட்டு வைக்க இடமிருக்காது. பில்ற்றரையும் மாற்றுங்கள். பிறகு தண்ணிப் பம்பின் உள்வாய்க்கு ஹோஸ் பூட்டி நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய உடனே குழாயைத் திறக்க வேண்டும், நிறுத்தும் முன் மூட வேண்டும். எஞ்சின் நிற்கும்போது குழாய் திறந்திருந்தால் எக்ஸோஸ்ற் நிரம்பித் தண்ணி உள்ளே போய்விடும். வீட்டுக் கிணறு சவர் என்றால் பவுசர் தண்ணி எடுங்கள். கடைசியில் புளொக் அடியிலுள்ள பிளக்குகளைக் கழற்றி வடியவிடுங்கள். மகாவலி வெள்ளம் கலந்து கொட்டியாரக்குடா கலங்கியிருக்கும்போது ஓடியிருந்தால் தண்ணிப் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரையும் கழற்றிப் பாருங்கள், மணல் அதன் இதழைத் தேய்க்கும்.

நிலாவெளிக்காரன்:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். ஒயில் கறுப்பு, பால் நிறம் இல்லை. ஆனால் பெற்றோல் மணக்கிறது.

சீனக்குடா டீசல்:
பாருங்கள், பெற்றோல் கரைந்து ஏற்கனவே மெலிந்துவிட்டது. இதில் 30ஐ ஊற்றினால் இன்னும் மெலியும்.

உவர்மலையான்:
பெற்றோல் மணந்தால் முதலில் காபரேற்றரையும் பெற்றோல் பம்பையும் பார்க்க வேண்டும். ஒயிலைத் தடிப்பாக்கி மூடி மறைப்பது வைத்தியமா? எஞ்சின் அறையிலிருந்து பெற்றோல் ஆவியை வெளியேற்றும் பிளோவரைச் சில நிமிடம் ஓடவிடாமல் சாவியைத் திருப்பவே வேண்டாம். பழுதென்று சொல்லி கார் ஸ்ரார்ட்டரையோ ஓல்டனேற்றரையோ மாற்றாதீர்கள், அதன் பொறி வெளியே வரும். அப்புறம், சீனக்குடா அண்ணையின் டின்னில் மிச்சமிருக்கிறது என்று கியர்பொக்ஸுக்கும் ஊற்றிவிடாதீர்கள். அனேகமாக அதற்கு ஏரிஎஃப் (ஓட்டோமற்றிக் கியர் ஒயில்). தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.