சாப்பிட்டதும் அடித்துப்போடும் அசதி: உங்களுக்கு என்ன நடந்தது?

இரண்டரை மணி

எங்காவது சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று எழுதுகிறேன். சுகர் வந்து நாலு வருஷம். மாத்திரை ஒழுங்கு, காலையில் விரல் குத்துவது ஒழுங்கு. அது கிடக்கட்டும். மதியச் சாப்பாடு முடித்து இரண்டரை மணிக்கு ஒரு காணொளிக் கூட்டம். என் திரையை எல்லோருக்கும் காட்டியபடி அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதுவரைதான் ஞாபகம். கண் திறந்தபோது வலது கை விசைப்பலகை மேல் கிடக்கிறது, திரை முழுக்க 'ப'. பப்பப்பப்ப என்று பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மேலாளர் குரலைத் தணித்து, "வேண்டுமானால் நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்றார். அவர் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

வீட்டில் சொன்னால், உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்கிறார்கள். நானும் நாலு வருஷமாக அதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். வெறும் வயிற்றில் 110, 115 என்றுதானே வருகிறது, பிறகென்ன என்ற தைரியம். மறுநாள் முதல் தடவையாகச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 274. காலை எண்ணை மட்டும் நம்பி இருந்தவர்கள் வேறு யாராவது உண்டா?

பிசுபிசுப்பு

எனக்கு நடந்தது வேறு மாதிரி. சாப்பாடு முடிந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றேன். பத்து நிமிஷத்தில் கண் செருகிக்கொண்டு வந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று குத்தினால் 341. எனக்கு உதறல் எடுத்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போகணும் போல இருக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து என் கையைப் பிடித்தாள், உடனே விட்டாள். "இதென்ன, விரலெல்லாம் பிசுபிசுங்குது?" சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மறுபடி பார்த்தால் 163. இவ்வளவு நேரம் ரத்தத்தோடு பழச்சாற்றையும் சேர்த்து அளந்திருக்கிறேன்!

இதைச் சிரிப்புக்காகத்தான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் எனக்குள் ஒன்று உறுத்துகிறது. 163 என்று தெரிந்த பிறகும் அதே அசதி, அதே கண் சொக்கல். ஒரு மணி நேரம் தூங்கித்தான் எழுந்தேன். அப்படியானால் அது எதனால் வந்தது?

நடைப்பித்தன்

எனக்கும் இருந்தது. நடந்தேன், போய்விட்டது. நான் எழுத வந்தது அதை இல்லை.

இரண்டரை மணி நண்பரே, ஒன்றரை மணி நேரம் என்கிறீர்களே, சாப்பிட்டு முடித்ததிலிருந்தா, முதல் கவளத்திலிருந்தா? அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலானோருக்குச் சொல்லும் 180-க்குள் என்ற கணக்கு, சாப்பிட ஆரம்பித்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கானது. அரை மணி நேரம் சாப்பிடுகிறவருக்கு இதிலேயே எண் மாறும். 274 எப்படிப் பார்த்தாலும் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடிகாரத்தை ஒரே இடத்திலிருந்து ஓட்டினால்தான் இன்றைய எண்ணை நாளைய எண்ணோடு ஒப்பிட முடியும்.

பிசுபிசுப்பு அவர்களே, உங்கள் 163-க்கு நான் பதில் சொல்கிறேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வாக்கில் உடம்பின் கடிகாரமே ஒரு முறை தணியும். சாப்பிடாமல் இருப்பவனுக்கும் கொட்டாவி வரும் நேரம் அது. அதன் மேல் பெரிய சாப்பாடு ஒன்றை ஏற்றினால் கேட்கவா வேண்டும்?

இனி கேட்காமலே சொல்கிறேன். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடங்கள். வேகமாக வேண்டாம், பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். வேலை செய்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் தானே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நாளைக்குக் காலையில் ஒரு மணி நேரம் சேர்த்து நடந்துகொள்கிறேன் என்று கணக்குப் போடாதீர்கள், அது இந்தச் சாப்பாட்டின் ஏற்றத்தைத் தொடாது. அப்புறம், தட்டில் இருக்கிற காயையும் புரதத்தையும் முதலில் முடியுங்கள், மாவுச்சத்துக் கடைசியில் போகட்டும். ஒரே சாப்பாடுதான், வரிசையை மாற்றினாலே சர்க்கரை ஏறும் உச்சி குறையும். நான் மூன்று வாரம் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். குடிக்கிற இனிப்பு எதுவானாலும் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். இரவு தூக்கத்தையும் பாருங்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்குப் பகலெல்லாம் தூக்கம்தான், சர்க்கரைக்காரர்களில் அப்படிப் பலர் உண்டு. முக்கியமாக, சாப்பிட்டதும் படுக்காதீர்கள். படுத்தால் எல்லாம் கெட்டது. இதை நான் சொல்லிச் சொல்லி என் வீட்டில் என்னோடு சாப்பிட யாரும் உட்காருவதில்லை.

ஈரத் தலையணை

"நடங்கள், நடங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறீர்களே, ஐயா, என் கதையையும் கேளுங்கள்.

கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டுகிற மாத்திரை எனக்கு. கிளிமெபிரைடு. அன்றைக்கு வாய்க்குப் பிடிக்கவில்லை. மாத்திரையை முழுசாகப் போட்டுவிட்டு நாலு வாயோடு எழுந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு எப்போதும் அசதி வரும் என்பதால் போய்ப் படுத்தேன். வீட்டில் யாரும் எழுப்பவில்லை, அம்மா தூங்கட்டும் என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அந்தச் சாத்திய கதவுதான் இன்னமும் கனவில் வருகிறது.

எதையோ தேட வந்த மகள் என் தலையைத் தொட்டிருக்கிறாள். முடி, தலையணை, கழுத்து எல்லாம் தண்ணீர் ஊற்றியது போல் நனைந்திருக்கிறது. கூப்பிட்டால் "ம்" என்கிறேனாம், கண் திறக்கவில்லையாம். 52. நல்லவேளை, எழுப்பி உட்கார வைத்ததும் விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்தியபோது 81. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

274-லும் அசதி, 52-லும் அசதி. படுக்கும்போது எனக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த 52-ல் ஒருத்தி எழுந்து நடக்கப் போயிருந்தால்?

நடைப்பித்தன்

அம்மா, 70-க்குக் கீழே இருக்கும்போது நடக்கச் சொன்னேனா? மேலே போய்ப் படியுங்கள்.

ஈரத் தலையணை

படித்தேன். முதலில் குத்திப் பார் என்றும் எங்கேயும் எழுதவில்லையே.

நடைப்பித்தன்

சரி. அது விட்டுப்போயிற்று, ஒப்புக்கொள்கிறேன்.

மூத்த மகள்

அப்பாவைப் பற்றி. வயது 76, சுகர் இருபத்தைந்து வருஷம், பாதம் மரத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. சாப்பிட்டு முக்கால் மணியில் துவண்டுவிடுவார். நாங்களும் மீட்டரை வைத்துக்கொண்டு அவரைச் சல்லடையாகக் குத்தினோம். 148, 155, 139. என்ன குறை என்றே புரியவில்லை. ஒரு நாள் சாப்பிட்ட இடத்திலிருந்து எழுந்தவர், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "கண்ணு, விளக்கை யார் அணைச்சது?" என்று கேட்டார். பட்டப்பகல். விளக்கே போட்டிருக்கவில்லை.

அன்றைக்குத்தான் ரத்த அழுத்தம் பார்க்கத் தோன்றியது. சாப்பிடும் முன் மேல் எண் 134 இருந்தது, சாப்பிட்டு ஒரு மணியில் 96. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தம் குடல் பக்கம் நிறையப் போகும். நரம்பு நன்றாக இருந்தால் இதயமும் ரத்தக்குழாய்களும் அதை ஈடுகட்டும், சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்கு அது நடப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். அழுத்த மாத்திரையின் நேரத்தை அவர்தான் மாற்றிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடச் சொன்னார். அப்பாவை இந்த நிலையில் நடக்க விட்டிருந்தால் விழுந்திருப்பார் (நடைப்பித்தன் ஐயா கோபிக்க வேண்டாம்).

ஒன்பது வருட மாத்திரை

நீளமாக எழுதத் தெரியாது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை ஒன்பது வருஷம். சாப்பிட்டால் அசதி, சாப்பிடாவிட்டாலும் அசதி. படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன், பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீர் கொண்டு வந்தான். பார்த்தால் ரத்தத்தில் வைட்டமின் பி12 தரைமட்டம். அந்த மாத்திரை பல வருஷம் போனால் பி12-ஐக் குறைக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊசி போட்ட பிறகு படி ஏறுகிறேன். மதியத் தூக்கம் மட்டும் போகவில்லை, அது வயசு என்று விட்டுவிட்டேன்.

புதுசு

மூன்று வாரம் முன்புதான் கண்டுபிடித்தார்கள். 300-க்கு மேலேயே பல மாதம் இருந்திருக்கிறேன் போல. இப்போது சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் கை நடுங்குகிறது, சோர்ந்து விழுகிறேன். குத்தினால் 98! இதற்கும் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கலாமா?

ஈரத் தலையணை

தம்பி, 98 தாழ்வு இல்லை. உயரத்திலேயே பழகின உடம்பு, சரியான அளவுக்கு இறங்கினாலும் பதறும். சில வாரத்தில் பழகிவிடும். ஆனால் எண்ணைப் பார்க்காமல் அப்படி முடிவு கட்டாதே. இன்சுலின் போடுகிறாயா, என் மாதிரி மாத்திரையா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். 70-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் குடி.

இரண்டரை மணி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். சாப்பாட்டுக்குப் பிந்திய எண்களை ஏழு நாளும் எழுதி மருத்துவரிடம் காட்டினேன். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி எடுக்கச் சொன்னார், 8.1 சதவீதம். காலை எண்ணை மட்டும் வைத்து நான் போட்ட கணக்கு அங்கேயே உடைந்தது. மருந்தை மாற்றியிருக்கிறார். சாப்பிட்டதும் கழுவிய விரலில் (பிசுபிசுப்புக்கு நன்றி) குத்திவிட்டு, மாடி நடைக்கூடத்தில் பன்னிரண்டு சுற்று. நேற்று இரண்டு மணி நேரத்தில் 186. கொட்டாவி இருந்தது, தலை சாயவில்லை.

பிசுபிசுப்பு

அதெல்லாம் சரி. அந்த அறிக்கை என்ன ஆயிற்று?

இரண்டரை மணி

'ப' எல்லாவற்றையும் அழித்து அன்றிரவே அனுப்பிவிட்டேன். பதினாலாம் பக்கத்து அட்டவணைக்குள் ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. வாடிக்கையாளர் அதை வட்டமிட்டு, "இது என்ன அலகு?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.