கிபிருக்குப் பிறகு யாரிடம் விமானம் வாங்குவது?

பதுளை ராசா:
இலங்கை விமானப்படைக்கு அடுத்த போர் விமானத்தை எந்த நாட்டிடம் வாங்குவது என்ற பேச்சு ஆட்சிக்கு ஆட்சி எழும்பி அடங்குகிறது. இப்போதுள்ள கிபிர் ஜெட் 1996இல் இஸ்ரேலிலிருந்து வந்தது, அப்போதே பழசு. 2021இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்கச் சுமார் 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இன்னொன்று சீனத்து எஃப்-7. அது மிக்-21இன் பிரதி. அந்த மிக்-21ஐ இந்தியாவே 2025 செப்டெம்பரில் வழியனுப்பி வைத்துவிட்டது.

என் நிலைப்பாடு தெளிவு. இந்தியாவின் தேஜஸ்தான். 2021 மார்ச்சில் விமானப்படையின் 70ஆவது ஆண்டு விழாவுக்குக் காலிமுகத்திடலுக்கு மேலே அது பறந்ததை எல்லாரும் பார்த்தோம். ஊரில் ஓடும் லேலண்ட் பஸ்ஸுக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் ஹட்டன் டவுனிலேயே எடுக்கலாம், சீனத்து பஸ் என்றால் டிப்போவில் நிற்க வேண்டியதுதான். விமானத்துக்கும் அதே கதை. தேஜஸ் செய்கிற பெங்களூர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, கடனும் தருவார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

தியத்தலாவை மலர்:
ராசா தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். இந்தப் போர் விமானம் யாரை அடிக்க? எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் விமானப்படை முகாம் தெரியும். எங்களுக்கு அவர்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. 2020 ஜனவரியில் ஹப்புத்தளையில் வை-12 விமானம் விழுந்து நான்கு பேர் இறந்தபோது ஊரே அழுதது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை மலையாகச் சரிந்து பாதையெல்லாம் அடைபட்டபோது நாங்கள் வானத்தைப் பார்த்தது ஜெட் வருமா என்றல்ல, ஹெலி வருமா என்று. லுணுவிலவில் நிவாரணம் கொண்டு போன பெல்-212 ஹெலி விழுந்து விமானியும் போனார். கொத்மலையில் ஆட்களைத் தூக்க இந்தியாவின் எம்.ஐ-17 ஹெலி வந்தது. இருக்கிற காசுக்கு ஹெலி வாங்கட்டும். ஜெட் பேச்சு பிறகு.

பதுளை ராசா:
அக்கா, அனர்த்தத்துக்கு ஹெலி, வான் எல்லைக்கு ஜெட். இரண்டும் வேறு வேலை. 2007 மார்ச்சில் கட்டுநாயக்கவில் புலிகளின் சின்ன விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போனது மறந்துவிட்டதா? அதற்குப் பிறகுதான் அடித்துப் பிடித்து எஃப்-7ஜி வாங்கினார்கள். அவசரத்தில் வாங்கினால் விற்கிறவன் சொன்னதுதான் விலை.

கிளிநொச்சிப் பேரன்:
நான் புசல்லாவைக் குடும்பம். 77 கலவரத்துக்குப் பிறகு தாத்தா தோட்டத்து லயத்தை விட்டுவிட்டு வன்னிக்குப் போனார். ஆகவே அங்கே குண்டு போட்ட கிபிரைப் பற்றி உங்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். அது தலைக்கு மேலே வரும்போது சத்தம் பின்னால்தான் கேட்கும். அம்மா எங்களைப் பிடித்துப் பங்கருக்குள் தள்ளுவார், வாயில் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுவார். 2006 ஓகஸ்டில் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் குண்டு போட்டது இந்த விமானப்படைதான். இறந்ததில் பெரும்பாலானவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். அரசாங்கம் அதைப் புலிகளின் பயிற்சி முகாம் என்றது, போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெப்பும் அப்படிச் சொல்லவில்லை. இந்த நாட்டின் ஜெட்டுகள் வெளிநாட்டு எதிரியை அடித்த ஒரு நாளைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு தேஜஸா சுவீடனின் கிரிப்பனா என்று பேசுவோம்.

கண்டி மாஸ்டர்:
பேரன் தம்பி சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தள்ளிவிட்டுப் பேசவும் எனக்கு மனமில்லை. ஆனால் கொழும்பில் முடிவெடுக்கிறவர்கள் நம்மைக் கேட்டு எடுப்பதில்லை. அவர்கள் வாங்கத்தான் போகிறார்கள் என்றால் எப்படி வாங்குகிறார்கள் என்று பார்ப்பதும் நம் வேலைதான், வரி நாமும் கட்டுகிறோம்.

எல்லாரும் விமானத்தின் பெயரைச் சொல்கிறீர்கள். எஞ்சின் யாருடையது என்று பாருங்கள். கிபிர் இஸ்ரேல் விமானம், ஆனால் அதன் ஜே-79 எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்குடையது. 1977இல் ஈக்குவடோர் கிபிர் கேட்டபோது இஸ்ரேல் விற்கத் தயார், அமெரிக்கா விடவில்லை. தேஜஸ் எடுத்தாலும் எஃப்-404 எஞ்சின், அதே அமெரிக்கக் கம்பனி. கொரியாவின் எஃப்.ஏ-50 அதே எஃப்-404. சுவீடனின் கிரிப்பன் ஈ-யில் எஃப்-414, அதுவும் அவர்களுடையதுதான். அதாவது டெல்லியோ சியோலோ ஸ்டொக்ஹோமோ, கையெழுத்து எங்கே போட்டாலும் வொஷிங்டன் தலையாட்ட வேண்டும்.

எஞ்சின்கூட வேண்டாம், சின்னச் சாமான் போதும். ஆர்ஜென்டினா எஃப்.ஏ-50 கேட்டது. அதில் பிரித்தானியாவில் செய்த சில பாகங்கள் இருந்தன. போக்லந்து தீவுச் சண்டையில் வந்த பகை இன்னும் ஆறவில்லையே, பிரித்தானியா விடவில்லை. விற்க முடியாது என்று 2020இல் கொரியக் கம்பனி வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. கடைசியில் டென்மார்க்கிடம் 24 பழைய எஃப்-16ஐச் சுமார் 300 மில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். நம் நாட்டின் மனித உரிமைப் பதிவு ஜெனீவாவில் ஐ.நா. முன் வருடா வருடம் எடுக்கப்படுகிறது. நாளைக்கு நமக்கும் ஒரு பாகம் நிற்காது என்று யார் உத்தரவாதம்?

பதுளை ராசா:
மாஸ்டர், அப்படிப் பார்த்தால் எவனிடமும் வாங்க முடியாது. பாகிஸ்தானின் ஜே.எஃப்-17இல் ரஷ்ய எஞ்சின். 2016 தொடக்கத்தில் நவாஸ் ஷெரீப் கொழும்புக்கு வந்தபோது அந்தப் பேச்சு கிளம்பியது, இந்தியாவுக்குப் பிடிக்கவில்லை என்று செய்தி வந்தது, அத்தோடு அமுங்கிப் போனது. எஞ்சினைவிடப் பக்கத்து வீட்டுக்காரன் முக்கியம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

லிந்துலை கணக்கு:
ராசா, உங்கள் பக்கத்து வீட்டுக்காரனே விமானம் கிடைக்காமல் நிற்கிறான். இந்திய விமானப்படை 2021 பெப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏக்கு ஒப்பந்தம் போட்டது. 2024 மார்ச்சில் வரத் தொடங்க வேண்டியது. அதற்கு ஓர்டர் போட்ட எஞ்சின்களில் முதலாவதே 2025 மார்ச்சில்தான் அமெரிக்காவிலிருந்து வந்தது. இதற்கிடையில் இன்னும் 97க்கு ஓர்டர். அவர்கள் வரிசை முடிந்து நமக்கு எப்போது? 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் ஒன்று விழுந்து விமானியும் இறந்தார். ஒரு விபத்தை வைத்து விமானத்தை எடைபோட மாட்டேன், கிபிரும் 2011இல் கம்பஹா பக்கம் ஒத்திகையில் இரண்டு மோதி விழுந்ததுதானே. வரிசைதான் என் கவலை.

இப்போது காசு. நம்மைப் போலக் கிபிர் வைத்திருந்த நாடு கொலம்பியா. 2025 நவம்பரில் 17 கிரிப்பனுக்கு 3,100 மில்லியன் யூரோ ஒப்பந்தம் போட்டது. பயிற்சி, உதிரிப்பாகம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 180 மில்லியன் யூரோவுக்கு மேல் விழுகிறது. பிலிப்பைன்ஸ் அதே 2025இல் 12 எஃப்.ஏ-50ஐ 700 மில்லியன் டொலருக்கு எடுத்தது. அதாவது மலிவான பக்கத்திலேயே ஒரு விமானம் 58 மில்லியன் டொலர், இன்றைய கணக்கில் 17,000 மில்லியன் ரூபாய்க்கு மேல். தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு என்று 2026 பட்ஜெட்டில் ஒதுக்கியது 5,000 மில்லியன். அந்த 200 ரூபாயை வாங்க நம் ஆட்கள் எத்தனை வருடம் ரோட்டில் நின்றார்கள்? ஒரு ஜெட்டின் விலையில் மூன்று வருடத்துக்கு மேல் அதைக் கொடுக்கலாம்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. ராசா சொல்கிற இந்தியக் கடனும் கடன்தான்.

பதுளை ராசா:
சம்பளத்தையும் ஜெட்டையும் ஒரே தராசில் வைத்தால் எந்த நாடும் இராணுவம் வைக்க முடியாது. ஜெட் வாங்காவிட்டால் அந்தக் காசு லயத்துக்கு வரும் என்று நம்புகிறீர்களா? வராது. இத்தனை வருடம் புது ஜெட் வாங்கவில்லையே, லயத்துக்கு வந்ததா?

லிந்துலை கணக்கு:
அது நியாயமான அடி. வராதுதான். ஆனால் அதற்காகச் செலவை ஏற்றுக்கொள்ள முடியாது.

கண்டி மாஸ்டர்:
விலையைவிட எனக்குப் பயம் இடையில் நிற்கிற ஆள். 2006இல் உக்ரேனிலிருந்து நான்கு மிக்-27 வாங்கிய பேரம் ஞாபகம் இருக்கும். அரசுக்கும் அரசுக்கும் நேரடிப் பேரம் என்றார்கள். பணம் போனதோ வெளிநாட்டில் பதிந்த ஒரு இடைக் கம்பனிக்கு. 2000இல் பழசு என்று ஒதுக்கிய விமானங்களையே கூடிய விலைக்கு வாங்கினார்கள் என்று 2007இல் சண்டே லீடர் பத்திரிகை எழுதியது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் நடுரோட்டில் கொல்லப்பட்டார். அந்த இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில் எந்த நாடு என்பதற்கு முன்னால், ஒப்பந்தத்தைப் பாராளுமன்றத்தில் வைப்பார்களா என்று கேளுங்கள். வைக்க மாட்டோம் என்றால் தேஜஸும் வேண்டாம், கிரிப்பனும் வேண்டாம். புதுப்பிக்க எடுத்த ஐந்து கிபிர் இருக்கிறது, முடிந்தவரை அது பறக்கட்டும்.

கிளிநொச்சிப் பேரன்:
“முடிந்தவரை பறக்கட்டும்” என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் மாஸ்டர். சரி, விடுங்கள்.

தியத்தலாவை மலர்:
நான் முதலில் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கணக்குத் தம்பிக்குப் பிடிக்கிற மாதிரியே சொல்கிறேன். நம் விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகள் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐ.நா. அமைதிப் படைக்காகப் பறக்கின்றன. அதற்கு ஐ.நா. டொலரில் பணம் தருகிறது. எந்த ஜெட் நமக்கு டொலர் உழைத்துத் தந்தது? ஹெலி இங்கே ஆளைத் தூக்கும், அங்கே காசு கொண்டு வரும். வான் எல்லையைப் பார்க்க ராடரும் கடல் கண்காணிப்பு விமானமும் இருக்கின்றன. 2022இல் இந்தியா டோர்னியர் தந்தது, 2024இல் அமெரிக்கா ஒரு கிங் எயார் தந்தது. கள்ள வள்ளத்தைப் பிடிக்க அது போதும், ஜெட் எதற்கு?

பதுளை ராசா:
சரி அக்கா, ஹெலிதான் என்றால் அதையும் இந்தியாவிடமே வாங்கலாம். அவர்களுடைய துருவ் ஹெலி இருக்கிறது. எம்.ஐ-17 ரஷ்யாவுடையது, உக்ரேன் போருக்குப் பிறகு அவர்களுக்குப் பணம் அனுப்புவதே சிக்கல்.

தியத்தலாவை மலர்:
துருவ் 2025 ஜனவரியில் போர்பந்தரில் விழுந்தபோது இந்தியா அந்த ஹெலி முழுவதையும் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. நம்மிடம் அது மட்டும்தான் இருந்து, நிறுத்திய நேரம் மழைக்காலமாகவும் இருந்துவிட்டால் பதுளையில் உங்களை யார் வந்து தூக்குவது?

லிந்துலை கணக்கு:
ஆக இரண்டு நாட்டு ஹெலி வேண்டும் என்கிறீர்கள். இரண்டு வகை உதிரிப்பாகம், இரண்டு வகை மெக்கானிக், இரண்டு பயிற்சி. செலவும் அப்படியே கூடும் அக்கா.

தியத்தலாவை மலர்:
கூடட்டும். இந்தச் செலவுக்கு நான் கையைத் தூக்குவேன். ராசா தம்பி, நீங்கள் தேஜஸுக்குக் கேட்ட அதே கடனை இதற்குக் கேளுங்கள்.

பதுளை ராசா:
கேட்கலாம். ஆனால் ஹெலிக்குக் கடன் தருகிறவன் நாளைக்கு ஜெட்டையும் தலையில் கட்டுவான், அப்போது என்னைக் குறை சொல்லாதீர்கள்.