பழைய எண்ணெயை டீசலுக்குக் கொடுக்கிறோம்

மதுரையில் என் மாமா நடத்தும் காரவகைத் தயாரிப்புக் கூடத்தில் கணக்கு வழக்கு என் பொறுப்பு. முறுக்கு, காராச்சேவு, மிக்சர் என்று தினமும் அடுப்பு எரியும் இடம். கறுத்துப்போன எண்ணெயை வாங்க முன்பெல்லாம் பைக்கில் ஒருவர் வருவார். கையில் காசு, ரசீது கிடையாது. அது மறுபடி எந்த வாணலிக்குப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்பது வேறு விஷயம்.

2018 ஜூலையிலிருந்து, எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் உண்டாகும் போலார் சேர்மங்கள் (சுருக்கமாக டிபிசி) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் புழங்குகிறவர்கள் கணக்கு எழுதி, அங்கீகாரம் உள்ளவர்களிடமே கொடுக்க வேண்டும் என்பதும் பின்னாலேயே வந்தது. டிபிசியை அளக்கும் கருவியைப் பார்த்து எங்கள் மாஸ்டருக்குக் கோபம். "நிறத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?" என்றார். நிறம் பல நேரம் ஏமாற்றும் என்பதை அவரே அளந்து பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இப்போது அப்படி அங்கீகாரத்தோடு எண்ணெய் எடுக்க வருகிறவர்களோடு ஒருநாள், அதை டீசலுக்குப் பதிலான பயோடீசலாக மாற்றும் ஆலைக்கும் போய்ப் பார்த்தேன். வடிகட்டி, சூடாக்கி, ஈரத்தைப் போக்குகிறார்கள். புளிப்புத்தன்மையைச் சோதித்துவிட்டு, மெத்தனாலில் கரைத்த காஸ்டிக் சோடாவைச் சேர்த்து 60 டிகிரி அளவில் கலக்குகிறார்கள். கிளிசரின் அடியில் இறங்கிவிடும், மேலே நிற்பதுதான் பயோடீசல். அப்புறம் அதைக் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெயில் தண்ணீர் இருந்தாலோ, அளவுக்கு மீறிக் காய்ந்து புளிப்பேறியிருந்தாலோ பாதி சோப்பாகிவிடுமாம். கேனை மழையில் திறந்து வைக்காதீர்கள் என்று அவர்கள் ஏன் நச்சரிக்கிறார்கள் என்பது அங்கேதான் புரிந்தது.

வீடியோ பார்த்துவிட்டு இதை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். மெத்தனால் விஷம். அது தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடரே சரியாகத் தெரியாது.

விலைதான் எங்களுக்கு உறுத்தல். பைக்கில் வருகிறவர் இன்னமும் கிலோவுக்குச் சில ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார். மாமா மசியவில்லை. ஆனால் எங்கள் தெரு வடைக்கடைகளில் மிஞ்சுவது இரண்டு மூன்று லிட்டர், அதற்காக வண்டி வராது. நாலைந்து கடைகள் ஒரே கேனில் சேர்த்து வைத்தால் எடுத்துக்கொள்வதாக ஆலைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி யாராவது சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்களா? பணத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்று சொன்னால் எங்கள் தெருவில் பேசிப் பார்க்கலாம்.