டிராகன் தோண்டுவது சுபாவமா, கோளாறா?

வேனில்:
என் பியர்டட் டிராகனுக்கு (வீட்டில் வளர்க்கும் ஓணான் வகை) ஒன்றரை வயது. சில நாட்களாகப் பெட்டியின் ஒரு மூலையை ஓயாமல் பிராண்டுகிறது. கீழே டைல்தான் போட்டிருக்கிறேன், தோண்ட ஒன்றும் இல்லை. தீனியும் குறைந்திருக்கிறது. ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மண் போட்டுவிடலாமா?

கரிசல்:
தாராளமாகப் போடுங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் வாழும் பிராணி இது. வெயில் தாங்காவிட்டால் மண்ணுக்குள் போகும், குளிர்காலத்தில் அங்கேயே அடங்கிக் கிடக்கும். தோண்டுவது அதன் சுபாவம். வழுவழுப்பான டைலில் விட்டுவிட்டு ஏன் பிராண்டுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

தராசு:
எதற்கெடுத்தாலும் சுபாவம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? நேற்று வரை தோண்டாதது இன்று ஏன் தோண்டுகிறது என்பதுதான் கேள்வி. முதலில் சூட்டைப் பாருங்கள். வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி இருக்கலாம், ஆனால் மறுபக்கம் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொதித்தால் அது குளிர்ச்சி தேடித்தான் பிராண்டும். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அது வெயில் காயும் கல்லின் சூட்டைக் காட்டாது. ஒளிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மண்ணைப் போட்டால், அது தின்று குடல் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

கரிசல்:
குடல் அடைப்புப் பூச்சாண்டியை இன்னும் எத்தனை நாள் காட்டுவீர்கள்? போதிய சூடு இல்லாமல் செரிமானம் மந்தமானதும், உடம்பில் நீர் வற்றியதும்தான் பெரும்பாலும் அடைப்பில் கொண்டுபோய் விடுகின்றன. கால்சியம் மணல் என்று விற்பதை நானும் போடச் சொல்ல மாட்டேன். நான் சொல்வது ரசாயனம் கலக்காத மேல்மண்ணும் மணலும் கலந்த கலவை. குட்டிகளுக்கு வேண்டாம், வளர்ந்ததற்குத் தாராளமாகப் போடலாம்.

நிலாமுற்றம்:
இரண்டு பேரும் மண்ணைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். ஒன்றரை வயது, ஒரே மூலை, தீனி குறைவு. முட்டையா என்று யாருமே கேட்கவில்லையே! ஆண் துணையே இல்லாவிட்டாலும் பெண் டிராகன் முட்டையிடும், கருவில்லாத முட்டைகள். குட்டியில் ஆண் என்று சொல்வதை நம்ப முடியாது. வாலை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் புடைத்து நடுவில் பள்ளமாக இருந்தால் ஆண். (32 டிகிரிக்கு மேல் அடைகாத்தால், ஆண் குரோமோசோம் உள்ள கருவும் பெண்ணாகப் பொரிக்கும். வளர்ந்து முட்டையும் இடும். விசித்திரமான பிராணி.)

வேனில்:
பார்த்தேன். இரண்டு புடைப்பு இல்லை. வயிற்றின் ஓரத்தில் கோலிகள் போல ஏதோ தட்டுப்படுகிறது.

நிலாமுற்றம்:
அழுத்திப் பார்க்காதீர்கள். இன்றே ஒரு ஆழமான டப்பாவில் மண்ணும் மணலும் கலந்து, 20 சென்டிமீட்டராவது உயரம் வருமாறு நிரப்புங்கள். குழி தோண்டினால் சரியாத அளவுக்கு ஈரம் போதும், சொதசொதவென்று வேண்டாம். டிராகனை அதில் விட்டுவிட்டு ஒதுங்கிவிடுங்கள், எட்டி எட்டிப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடும். ஒரு ஈட்டில் 20 முட்டைகள்கூட வரலாம். தோண்டுவதை நிறுத்தியும் முட்டை வரவில்லை, சோர்ந்து கிடக்கிறது, முக்குகிறது என்றால் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கே ஆபத்து.

கரிசல்:
ஆக, கடைசியில் மண்தான் தேவைப்பட்டது!

தராசு:
ஒரு டப்பா மண், அதுவும் காரணம் தெரிந்த பிறகு. உங்கள் முதல் பதிலைக் கேட்டுத் தரை முழுக்க இரண்டு விரல்கடை மண்ணைப் பரப்பியிருந்தால், குழி தோண்ட ஆழமும் இருந்திருக்காது, முட்டை என்ற சந்தேகமும் வந்திருக்காது.

கரிசல்:
ஆழம் பற்றிச் சொல்லாமல் விட்டது உண்மைதான். ஆனால் முட்டையிட்ட பிறகு டப்பாவை எடுத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லாதீர்கள். என் ஆண் டிராகன் முட்டையிடப் போவதில்லை, சூடும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் வந்து தோண்டுகிறது.

தராசு:
அப்படியானால் குளிர்ந்த பக்கம் எத்தனை டிகிரி என்று அளந்து போடுங்கள். அப்புறம் பேசலாம்.