கரையொதுங்கும் திமிங்கலத்தைக் கடலுக்குள் தள்ளுவது உதவியா, வதையா?

பெருமணல்:
2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் 81 குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டும் பல திரும்பி வந்தன, 45 இறந்தன. அங்கே நடந்தது மீட்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சாவை நீட்டித்தது என்றே நான் சொல்வேன். திமிங்கலம் நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி என்பதால் மீனைப்போல் கரையில் சட்டென்று சாவதில்லை. அதுவரை தண்ணீர் தாங்கிவந்த உடலின் எடை அதன் நெஞ்சையும் தசையையும் நசுக்க, தோலடிக் கொழுப்பு உடற்சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்க, மணிக்கணக்கில் உள்ளே வெந்து சாகிறது. நசுங்கிய தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதால், நீந்திப் போனவை எல்லாம் பிழைத்தன என்றும் கொள்ள முடியாது.

கல்லாமொழியான்:
ஐயா, அன்றிரவு நான் அந்த மணலில் நின்றவன். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ஒன்றின் உச்சியிலுள்ள மூச்சுத்துளையை ஒவ்வோர் அலையும் மூடிச் சென்றது. அலை விலகிய கணத்தில் அது புஸ்ஸென்று மூச்சை விட்டு, அடுத்த அலை வருமுன் இழுத்துக்கொள்ளப் பார்த்தது. கடலில் வாழும் உயிர் முழங்கால் தண்ணீரில் மூழ்கிச் சாவதைக் கண்ட பிறகு, சிறுநீரகத்தைப் பற்றி எண்ணிக்கொண்டு கைகட்டி நிற்க எவராலும் முடியாது. எங்களிடம் வடமும் வள்ளமும்தான் இருந்தன, வாலில் கட்டி இழுத்தோம். 36 உயிர்கள் கடலுக்குத் திரும்பின.

ஓங்கில்:
நான் விலங்கியல் கற்பிப்பவள். இழுத்தது தவறில்லை, இழுத்த முறைதான் தவறு. வாலில் கயிறு கட்டி இழுத்தால் முதுகெலும்பின் மூட்டுகள் விலகிவிடும். உடலுக்கடியில் தார்ப்பாயைச் செலுத்தித் தூக்குவதே முறை. பெயரில் திமிங்கலம் என்றாலும் இவை ஓங்கில் (டால்பின்) குடும்பத்தைச் சேர்ந்தவை. தாய்வழிக் கூட்டமாக வாழ்பவை. கரையில் கிடக்கும் ஒன்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை மற்றவை அதை விட்டு அகல்வது அரிது. ஒவ்வொன்றாகத் தள்ளினால் அவை திரும்பி வருவதில் வியப்பில்லை. நியூசிலாந்தில் முதலில் மிதக்கும் விலங்குகளை ஆழமற்ற நீரிலேயே நிமிர்த்திப் பிடித்திருந்து, கூட்டம் சேர்ந்த பிறகே ஒன்றாக விடுகிறார்கள்.

பெருமணல்:
அம்மா, நியூசிலாந்தை இங்கே ஒப்பிடுவது பொருந்தாது. அங்கே ஏற்றவற்றம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, பல மீட்டர் இருப்பதால் பெருக்கு வரும்வரை ஈரத்துணி போர்த்திக் காத்திருந்தால் கடலே தூக்கிக்கொள்ளும். தூத்துக்குடிக் கரையில் அது ஒரு மீட்டர் அளவுதான். அந்த நியூசிலாந்திலும் 2017 பிப்ரவரியில் ஃபேர்வெல் ஸ்பிட்டில் 400க்கும் மேற்பட்டவை ஒதுங்கியபோது, ஆட்கள் போய்ச் சேரும் முன்பே பெரும்பாலானவை இறந்திருந்தன.

கல்லாமொழியான்:
பாணந்துறையை மறந்துவிட்டீர்கள். இலங்கையின் மேற்குக் கரையிலும் ஏற்றவற்றம் எங்கள் ஊரைப் போலச் சிறியதுதான். 2020 நவம்பரில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர்மக்களும் விடிய விடிய நின்று ஏறத்தாழ எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார்கள். இறந்தவை ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும்.

பெருமணல்:
பாணந்துறையை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒதுங்கிய சில மணி நேரத்துக்குள் ஆட்கள் திரண்டார்கள். என் மறுப்பு, மறுநாள் வெயில் ஏறிய பிறகும் தோல் வெடித்துக் கிடப்பவற்றை வடம் போட்டு இழுப்பதற்குத்தான். அவற்றை வலியின்றி முடித்துவைக்கக் கால்நடை மருத்துவரை அழைப்பதே இரக்கம்.

ஓங்கில்:
அதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பிரித்துச் சொல்லப் பயின்றவர் கரையில் இருந்தாக வேண்டும். இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கின. மூன்றாம் முறையும் வரலாம்.

கல்லாமொழியான்:
வந்தால் முதலில் தண்ணீருக்குள் இறங்கப் போகிறவர்கள் நாங்கள்தான், அம்மா. தார்ப்பாயை எப்படி உடலுக்கடியில் செலுத்துவது என்பதை விரிவாக எழுதுங்கள். எங்கள் ஊர் மொழியில் மாற்றி வலைக்கூடத்தில் ஒட்டிவைக்கிறேன்.