ஆல்ப்பாக்கில் குறைந்த செலவில் ஸ்கீ: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மியூனிக்கில் இருக்கிறோம், நான், மனைவி, 7 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் ஸ்கீ (பனிச்சறுக்கு) தெரியாது, போன வருஷம் சறுக்குப் பலகையில் உட்கார்ந்து வழுக்கியதோடு சரி. இந்த முறை ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் உள்ள ஆல்ப்பாக்கில் இரண்டு இரவு தங்கலாம் என்று யோசனை. மரவீடுகள் நிறைந்த சின்ன ஊர், பெரிய ரிசார்ட்டுகளின் சந்தடி இருக்காது என்பதுதான் காரணம்.

கார் இல்லை. டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் (ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில், பஸ்ஸுக்கான மாதாந்திர பாஸ்) எல்லை தாண்டி இருக்கும் கூஃப்ஷ்டைன் வரை லோக்கல் ரயிலில் போய், அங்கிருந்து பிரிக்ஸ்லெக்குக்குத் தனி டிக்கெட், அப்புறம் மலைமேல் பஸ். இது சரியா வருமா, பிள்ளைகள், பைகளோடு பஸ்ஸில் இடம் கிடைக்குமா?

தேதிதான் பெரிய குழப்பம். பிப்ரவரியில் வரும் ஃபாஷிங் (கார்னிவல்) பள்ளி லீவில் விலை கண்ணைக் கட்டுகிறது, அதனால் ஜனவரி 6 விடுமுறை கழிந்து வரும் ஏதாவது வார இறுதி பார்க்கிறேன். மார்ச்சில் இன்னும் மலிவு என்கிறார்கள், ஆனால் ஊரே சுமார் 1,000 மீட்டர் உயரம்தான், கீழே பழகுகிற இடத்தில் அப்போது பனி நிற்குமா?

ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட்டை மியூனிக்கிலேயே வாடகைக்கு எடுத்துச் சுமப்பதா, அங்கேயே எடுப்பதா? பிள்ளைகளை ஸ்கீ பள்ளியில் விட்டுவிடுவோம், பெரியவர்கள் நாங்கள் முதல் நாளே முழு மலைக்கும் லிஃப்ட் பாஸ் வாங்கத் தேவையில்லைதானே?

தங்க, சமையலறையோடு வீடாக இருந்தால் நல்லது. மலைமேல் ஒரு தட்டு சாப்பாட்டுக்கு அவர்கள் கேட்கிற காசில் இங்கே இரண்டு நாள் மளிகை வாங்கிவிடலாம், நான் புளிசாதம் கட்டிக்கொண்டுதான் போவேன்.