நகை சேமிப்பு என்று சொல்பவர்களுக்கு ஒரே கேள்வி: கூலிக்காசு திரும்பி வருமா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
நேற்று வீட்டுச் செலவு பற்றிய இழையில் வெள்ளவத்தை சுபா எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது. "சம்பளம் வந்ததும் ஐந்தில் ஒரு பங்கைச் செட்டியார் தெரு நகைக் கடைகளுக்குக் கொண்டுபோங்கள். வங்கியில் நிலையான வைப்புப் போடுகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்" என்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள் அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் தங்கச்சி 2023இல் பவுண் ஒன்றரை லட்சம் ஓடிய நேரம் இரண்டு பவுணில் காப்புச் செய்வித்தாள். தங்கத்துக்கு மூன்று லட்சம். கூலி, சேதாரம் என்று மேலே 36,000. சில மாதத்தில் அவசரத்துக்கு விற்கப் போனோம். கடைக்காரர் உரைகல்லில் இழுத்துப் பார்த்தார், தராசில் வைத்தார், ஒட்டியிருந்த சின்னக் கல் இரண்டையும் நெம்பி எடுத்து எங்கள் கையில் தந்துவிட்டு மறுபடி நிறுத்தார். கூலியைப் பற்றிக் கேட்டபோது, "அது வேலைக்குக் கொடுத்ததுதானே அம்மா" என்றார். நூற்றுக்கு 12 ரூபா கடை வாசலிலேயே போய்விட்டது. இதைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?

வெள்ளவத்தை சுபா:
என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், நல்லது. 2022ஐ மறந்துவிட்டீர்களா? அந்த வருட ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா. டொலர் விலையைப் பிடித்து வைத்திருந்த மத்திய வங்கி மார்ச்சில் பிடியை விட்டதும் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். ஜனவரியில் எட்டு ஒன்பது வீத வட்டிக்கு ஒரு வருட வைப்புப் போட்டவர்கள் அந்தக் காசை எடுத்தபோது அதில் முக்கால் பங்குச் சாமான்கூட வாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காசு என் சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டப்பட்டது. அப்போது உங்கள் வைப்புப் புத்தகம் யாருக்கு உதவியது?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
கூலிக்குப் பதில் சொல்லவில்லை.

நிதானி:
ஒரு சின்ன விஷயம். அவசரத்துக்கு வைக்கும் காசு வேறு, இருபது வருடத்துக்கு வளர்க்கும் காசு வேறு. நீங்கள் எதைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மட்டக்குளி மச்சான்:
ஐசே கணக்கன், தங்கச்சியின் காப்பைச் சில மாதத்தில் விற்கவேண்டி வந்தது உங்கள் வீட்டுத் திட்டத்தின் பிழை. தங்கத்தின் பிழை இல்லை. அந்தக் காப்பை இன்றுவரை வைத்திருந்தால் கூலியையும் விழுங்கிவிட்டு மேலே நின்றிருக்கும். உலகச் சந்தையில் 2024 ஆரம்பத்தில் அவுன்ஸ் 2,000 டொலர். 2025 ஒக்டோபரில் 4,000.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
தங்கம் ஏறிய வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டொலர் வரை போனது. அந்த விலையை மறுபடி தொட்டது 2008இல். 28 வருடம்! 2011இல் 1,900ஐத் தொட்டது, 2015 முடிவில் 1,050 அளவுக்கு விழுந்தது. 2022இல் பதறியடித்துத் தங்கம் வாங்கியவர்களைக் கேளுங்கள், 2023 நடுப்பகுதியில் டொலர் 300க்குக் கீழே வந்தபோது பவுண் விலை எப்படி இறங்கியது என்று. அதற்கு மேலே கூலியும் போனது.

வெள்ளவத்தை சுபா:
நாங்கள் என்ன அமெரிக்காவிலா இருக்கிறோம்? 1980இல் டொலர் பதினாறரை ரூபா. 2008இல் 108 ரூபா. நீங்கள் 28 வருடம் தூங்கியது என்று சொல்லும் அதே தங்கம் ரூபாவில் ஆறரை மடங்கு ஏறியிருக்கிறது. வீட்டில் யாரும் டொலரில் மரக்கறி வாங்குவதில்லை. பெயரைக் கணக்கன் என்று வைத்தால் மட்டும் போதாது.

மட்டக்குளி மச்சான்:
இதற்குப் பதில் வராது, பாருங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
வரும். 28 வருடத்தில் ஆறரை மடங்கு என்றால் கூட்டு வட்டிக் கணக்கில் வருடத்துக்கு 7 வீதம்கூட இல்லை. அந்தக் காலம் முழுக்க இந்த நாட்டில் வைப்புகளுக்கு இரட்டை இலக்க வட்டி கிடைத்த வருடங்கள் எத்தனையோ இருக்கின்றன. வட்டியை எடுத்துச் செலவழிக்காமல் திரும்பத் திரும்பப் போட்டவர் எங்கேயோ போயிருப்பார். 72ஐ வட்டி வீதத்தால் பிரித்துப் பாருங்கள், காசு இரட்டிக்கும் வருடம் வரும். 12 வீதம் என்றால் ஆறு வருடம். காப்பு உங்கள் கையில் கிடந்து இன்னொரு காப்பைப் பெற்றுத் தருமா? ஆறரை மடங்கில் கூலியைக் கழித்தீர்களா? இல்லை.

தெகிவளை கோபி:
அண்ணா, அக்கா, இரண்டு பேரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். இப்போது வைப்பு வட்டி 8 வீதம் என்று வைப்போம். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், முன்பு 5ஆக இருந்தது. கையில் வருவது 7.2. காசு இரட்டிக்கப் பத்து வருடம். கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் 2022இல் 8,000க்கும் கீழே விழுந்து, 2025இல் 20,000ஐத் தாண்டியது. பலரின் காசைச் சேர்த்துப் பங்குகளில் போடும் யூனிட் ட்ரஸ்டில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

வெள்ளவத்தை சுபா:
தம்பி, உங்களுக்குச் சம்பளம் டொலரில் வருகிறது. நீங்கள் எதில் போட்டாலும் தப்பிப்பீர்கள்.

தெகிவளை கோபி:
டொலரில் வருகிறது என்று யார் சொன்னது? போன தடவையும் இதையே சொன்னீர்கள். ஐ.டி.யில் இருப்பவர்கள் எல்லாம் டொலர் மூட்டையோடு அலைகிறார்கள் என்ற நினைப்பு. காலி வீதிப் பக்கம் மூன்று அறை அபார்ட்மெண்ட் வைத்திருக்கிறவர்கள் எனக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளவத்தை சுபா:
அபார்ட்மெண்ட் என் அம்மாவின் நகையை விற்று வாங்கியது. நன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அந்த நகையை விற்றபோது கூலி திரும்ப வந்ததா அக்கா?

மட்டக்குளி மச்சான்:
இந்த மனுஷனுக்கு வேறு வார்த்தை தெரியாதா? கூலி கூலி என்று ஒரே பாட்டு. கூலி வேண்டாம் என்றால் நகை செய்யாமல் தங்கக் காசாக வாங்குங்கள், முடிந்தது கதை.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
சுபா சொன்னது தங்கக் காசா? "பிள்ளைகளுக்குப் போடவும் ஆகும், சேமிப்பும் ஆகும்" என்று எழுதினார், போய் வாசியுங்கள். காப்பும் தோடும் செய்வதைப் பற்றித்தான் பேச்சு. பேச்சை மாற்றாதீர்கள்.

அதோடு, சம்பளம் எடுக்கும் பிள்ளைகள் முதலில் பார்க்கவேண்டியது ஓய்வு காலத்துக்கு என்று சேரும் ஊழியர் சேமலாப நிதியை. அதை ஒருவரும் மதிப்பதில்லை. சம்பளத்தில் நாம் 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு முதலாளி 3 வீதம். ஒன்றரை லட்சம் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் சேமலாப நிதியில் மட்டும் மாதம் 30,000 ரூபா சேருகிறது. கூலி இல்லை, சேதாரம் இல்லை. எத்தனை நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக எழுதி மிச்சத்தை அலவன்ஸ் என்று கொடுத்து இந்தக் காசைக் குறைக்கின்றன! வேலைக்குச் சேரும்போது எதில் கணக்குப் போட்டுக் கட்டுவீர்கள் என்று கேட்க வெட்கப்படுகிறோம். கேட்காவிட்டால் முப்பது வருடக் கூட்டு வட்டி போகிறது. இதை எழுதினால் ஒரு நன்றியும் வராது, சங்கிலி படம் போட்டால் வரும்.

வெள்ளவத்தை சுபா:
அந்த நிதிக்கு 2023இல் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி அதன் கையில் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்ட காலக் கடன் பத்திரங்களை, மாற்றினார்கள். வட்டி 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம். உழைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? என் அலுமாரிக்குள் இருக்கும் நகையை எந்த அரசாங்கமும் மறுசீரமைக்க முடியாது.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
திருடன் மறுசீரமைப்பான். வங்கி லொக்கர் எடுத்தால் வருடா வருடம் வாடகை. அதையும் கூலியோடு கூட்டுங்கள்.

மட்டக்குளி மச்சான்:
வங்கி வங்கி என்று உருகுகிறீர்கள். 2002இல் பிரமுக வங்கி மூடியபோது வாசலில் நின்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2008இல் கோல்டன் கீ கம்பனி விழுந்தது. அங்கே காசு போட்டவர்களும் வட்டிக் கணக்குத் தெரிந்தவர்கள்தான்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
கோல்டன் கீ வங்கியே இல்லை, மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரமும் அதற்கு இல்லை. கூடுதல் வட்டி என்றதும் ஓடினார்கள். இன்று அனுமதி பெற்ற வங்கி ஒன்றில் போட்டால் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் பிரித்துப் போடுங்கள்.

மட்டக்குளி மச்சான்:
ஆகா, ஞானம் பிறந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில், ஒரு நிதிக் கம்பனி வங்கியைவிட 3 வீதம் கூடத் தருகிறது, விடாதீர்கள் என்று எழுதியது யார்? அதை நம்பி என் மாமா போட்ட காசு இன்னும் முழுதாக வரவில்லை. நான் மறக்கவில்லை ஐசே.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
"விசாரித்துவிட்டுப் போடுங்கள்" என்றுதான் எழுதினேன். விசாரிக்காமல் போட்டதற்கு நான் பொறுப்பில்லை.

மட்டக்குளி மச்சான்:
"விடாதீர்கள்" என்று எழுதினீர்கள்.

நிதானி:
நான் கேட்டதை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. அவசரக் காசுக்கு எவ்வளவு, நீண்ட காலத்துக்கு எவ்வளவு என்று…

வெள்ளவத்தை சுபா:
நிதானி, கொஞ்சம் பொறுங்கள். கணக்கன், பெண் பிள்ளைகளுக்கு நகை இல்லாமல் கலியாணம் பேச உங்கள் பக்கத்தில் சம்மதிப்பார்களா? பதில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அப்படியானால் அதைச் சீதனச் செலவு என்று எழுதுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். முதலீடு என்று எழுதாதீர்கள். 2022 முடிவிலும் 2023 தொடக்கத்திலும் அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலுக்கு 30 வீதம் அளவில் வட்டி கிடைத்தது. 2023 டிசம்பரில் பணவீக்கம் 4 வீதத்துக்கு வந்துவிட்டது. அந்த ஒரு வருடத்தில் என் காசு வளர்ந்த மாதிரி எந்தக் காப்பும் வளரவில்லை.

தெகிவளை கோபி:
ஏறிய வருடத்தை மட்டும் எடுக்காதீர்கள் என்று மேலே சொன்னது நீங்கள்தானே அண்ணா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அது வேறு. இது கூலி இல்லாத வருமானம்.

வெள்ளவத்தை சுபா:
சீதனம் என்ற சொல்லை என்மேல் எறிந்ததை நான் விடப்போவதில்லை. நான் ஒரு சதம் கொடுக்காமல் கலியாணம் செய்தவள். என் நகை முழுக்க என் சம்பளத்தில் வாங்கியது.

மட்டக்குளி மச்சான்:
மாமாவின் காசு பற்றி இன்னும் பதில் இல்லை. பழைய இழையைத் தேடி எடுத்து இங்கேயே போடுகிறேன், யார் "விடாதீர்கள்" என்று எழுதியது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
தாராளமாகப் போடுங்கள். போடும்போது உங்கள் மாமா எந்தத் திகதியில் போட்டார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.